ஹாஸ்டல் கண்ணுங்க: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் வந்த கேள்வில முக்காவாசி காலேஜ் புள்ளைங்களோடது, மீதி அவங்கள ஹாஸ்டல்ல விட்டுட்டு ஊட்ல வெசனப்பட்டுட்டு இருக்கற அம்மா அப்பாவோடது. செமஸ்டர் நேரம்ல. அதனால புரை, சர்க்கரை கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்கு தள்ளியாச்சு, பெரியவங்க கோவிச்சுக்காதீங்க. நான் டாக்டர் இல்லீங்க, ஆப்டோமெட்ரிஸ்ட், பவர் பாத்து எழுதிக் குடுக்கற ஆளு. மருந்தும் ஆபரேஷனும் கண் டாக்டர் தான் முடிவு பண்ணனும், எப்ப எதுக்கு அவங்ககிட்ட போகணும்ங்கறது வரைக்கும் தான் என்ற வேலை.

அண்ணா, இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம் படிக்கறேன், இதுவரைக்கும் கண்ணாடி போட்டதில்ல. இன்டர்னல்ஸ் ஆரம்பிச்சதுல இருந்து சாயங்காலம் ஆனா கிளாஸ் போர்டு மங்குது, பஸ் போர்டு படிக்க முடியல, காலைல எந்திரிச்சா நல்லா தெரியுது. ஈரோட்டுல ஒரு கண்ணாடிக் கடைல மெஷின்ல பாத்து மைனஸ் 1.25ன்னாங்க. ஊருக்குப் போனப்ப இன்னொரு கடைல 0.5 தான்னாங்க. மொத கடைல வாங்குன கண்ணாடிய போட்டா நெத்திப்பொட்டு தெறிக்குது. எது சரி?
மாணவி, பெருந்துறை

ரெண்டுமே தப்பா இருக்கலாம் அம்முணி. காலைல தெரியுது, சாயங்காலம் மங்குதுன்னு எழுதிருக்கீங்க பாருங்க, பாதி பதில் அதுலயே இருக்கு. நெஜமான கிட்டப்பார்வைங்கறது கண்ணு உருண்டை நீளமாகி வர்றது. முன்னால இருந்து பின்னால சராசரியா 24 மில்லிமீட்டர் இருக்கும், ஒரு மில்லிமீட்டர் கூடுனா சுமார் ரெண்டரை மூணு பவர் மைனஸ்ல ஏறும். நீளமான கண்ணு காலைல சுருங்கி சாயங்காலம் நீளாது. அப்ப உங்களுக்கு மாறுறது வேற ஏதோ ஒண்ணு.

கண்ணுக்குள்ள லென்ஸை சுத்தி ஒரு தசை இருக்கு. கிட்ட பாக்கறப்ப அது இறுகும், லென்ஸ் உப்பும், எழுத்து தெளிவாகும். தூரத்த பாத்தா அது தளரணும். ராத்திரி ஒரு மணி வரைக்கும் ஒரு சாண் தூரத்துல போனை வெச்சு பிடிஎஃப்ல படிச்சா அது தளர மறந்துரும். தண்ணிக்குடத்த இடுப்புல வெச்சு ரொம்ப தூரம் நடந்துட்டு இறக்கி வெச்சீங்கன்னா கை கொஞ்ச நேரம் மடங்குனாப்புலயே நிக்குமே, அந்தக் கதை தான். தசை இறுகி நிக்கற வரைக்கும் தூரம் மங்கும், அந்த நேரம் பாத்து மெஷின்ல தாடைய வெச்சா மைனஸ் காட்டும். தூங்கி எந்திரிச்சா தளர்ந்திருக்கும், பவரும் காணாம போயிருக்கும். இதுக்கு பொய்க் கிட்டப்பார்வைன்னு பேரு, பரீட்சை சீசன்ல எங்க ரூமுக்கு நெறைய வரும்.

மெஷின்ல உள்ள பாத்தா நேரா ஒரு ரோடு, ரோட்டு கடைசில கலர் பலூன் தெரிஞ்சிருக்கும், அது மங்கி மங்கி தெளிஞ்சிருக்கும். சும்மா வேடிக்கைக்கு வெக்கல, அப்படி மங்க வெச்சு உங்க தசைய தளர வெக்கத்தான் பாக்குது. ஆனா இருவது வயசு தசை அவ்வளவு சுலபமா ஏமாறாது, படம் மூக்குக்கு முன்னாடி ஒரு டப்பாக்குள்ள தான் இருக்குன்னு அதுக்கு தெரியும். அதனால மெஷின் குடுக்கற சீட்டு எங்களுக்கு ஆரம்பம் மட்டும் தான், அதுக்கப்பறம் லென்ஸ் மாத்தி மாத்தி போட்டு எழுத்து படிக்க வெச்சு பாக்கணும். சீட்டுல வந்தத அப்படியே கண்ணாடியா தேச்சுக் குடுத்தா நெத்திப்பொட்டு தெறிக்கத்தான் செய்யும், இல்லாத மைனஸை ஈடுகட்ட தசை இன்னும் இறுகுதுல்ல.

நீங்க பண்ண வேண்டியது, ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு போயி, தசைய தளர வெக்கற சொட்டு மருந்து விட்டு பவர் பாக்கணும்னு சொல்லுங்க. சைக்ளோபென்டோலேட் மாதிரி மருந்து விடுவாங்க, கண்ணு பாப்பா விரிஞ்சுரும், வெயில் கூசும், கிட்ட எழுத்து ஒரு நாள் வரைக்கும் தெரியாது. அதனால மறுநாள் பரீட்சைய வெச்சுட்டு போகாதீங்க, ஸ்கூட்டிய எடுத்துட்டும் போகாதீங்க, கூட ஒரு ஃப்ரெண்டை கூட்டிட்டு போங்க. மருந்துக்கு அப்பறமும் மைனஸ் நின்னா அது நெஜ பவர், கண்ணாடி போட்டுக்கலாம். நிக்கலைனா கண்ணாடி வேண்டாம், என்ன பண்ணனும்னு டாக்டர் சொல்லுவாங்க. அதுவரைக்கும் அந்த பிடிஎஃபை ஜெராக்ஸ் கடைல பிரின்ட் போட்டு ஒரு முழத்துக்கு அந்தப்பக்கம் வெச்சு படிங்க.

கண்ணாடிய விடாம போட்டா பவர் ஏறிடுமா?
மாணவர், பவானி

ஏறாது தம்பி. வேணும்னே பவரைக் கொறச்சு கண்ணாடி குடுத்து புள்ளைகள கவனிச்ச ஒரு ஆய்வு 2002ல வந்துது, அவங்களுக்கு பவர் ஏறுறது நிக்கல, சரியான கண்ணாடி போட்டவங்கள விட கொஞ்சம் கூடவே ஏறியிருந்துச்சு. உங்க பவர் ஏறுதுன்னா கண்ணு வளருதுன்னு அர்த்தம், கண்ணாடி மேல குத்தமில்ல.

எங்க பாப்பா கோயமுத்தூர்ல பி.காம். படிக்குதுங்க, எந்நேரமும் லேப்டாப்பு. கண்ணு எரியுது, மணல் போட்டாப்புல உறுத்துதுங்குது. கடைல ப்ளூ கட் கண்ணாடி போட்டா சரியாயிரும்ங்கறாங்க, வெலை தான் கூட இருக்குதுங்க. ஒறம்பரைக பொன்னாங்கண்ணிக்கீரையும் கேரட்டும் குடுத்தா கண்ணாடியவே கழட்டிரலாம்னு சொல்றாங்க. எதுங்க நம்பறது?
ஒரு அம்மா, காங்கேயம்

ரெண்டையும் நம்ப வேண்டாங்க அக்கா. கீரை நல்லதுங்க, கேரட்டும் நல்லது, வைட்டமின் ஏ இல்லைனா மாலைக்கண்ணு வரும், கருவிழி (கண்ணு முன்னால கண்ணாடி மாதிரி இருக்கற கார்னியா) கூட கெடும். ஆனா நீளமாப் போன கண்ணை எந்தக் கீரையும் சுருக்காது. வாரத்துல ரெண்டு நாள் பொரியல் பண்ணிக் குடுங்க, கண்ணாடியும் போடச் சொல்லுங்க.

ப்ளூ கட், அதாவது நீல வெளிச்சத்த தடுக்கற கண்ணாடி விஷயம். உலகம் பூரா நடந்த ஆய்வுகளை சேத்து வெச்சு சலிச்சுப் பாக்கற காக்ரேன்னு ஒரு அமைப்பு இருக்கு, 2023ல இதப்பத்தி 17 ஆய்வுகளை எடுத்துப் பாத்தாங்க. சாதா கண்ணாடிய விட ப்ளூ கட் போட்டவங்களுக்கு கண்ணு அசதி கொறஞ்சதா தெரியல. ஸ்கிரீன்ல இருந்து வர்ற நீல வெளிச்சம் வெயில்ல இருந்து வர்றதோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லீங்க. வாங்கிட்டீங்கன்னா கெடுதல் இல்ல, இனிமே தான் வாங்கணும்னா அந்தக் காசுக்கு பாப்பாவுக்கு லேப்டாப்பை உசத்தி வெக்க ஒரு ஸ்டாண்டும் தனியா ஒரு கீபோர்டும் வாங்கிக் குடுங்க. கடைக்காரங்க என்னைத் திட்டுவாங்க, பரவால்ல.

எரிச்சலுக்கு காரணம் கண்ணு சிமிட்டாம பாக்கறது. சும்மா பேசிட்டு இருக்கறப்ப நிமிஷத்துக்கு 15 தடவை வாக்குல சிமிட்டறோம், ஸ்கிரீன பாத்தா அது அஞ்சு ஏழுன்னு விழுந்துரும், அதுலயும் பாதி சிமிட்டல் இமை முழுசா மூடாம அரைகுறையா போகும். கண்ணீர்ப்படலம் காஞ்சு போகும். மேல ஃபேன் முழு வேகத்துல சுத்துனா இன்னும் மோசம். நம்ம பக்கத்துல ஆடிக்காத்து வேற, பாலக்காட்டு கணவாய் வழியா உள்ள வர்ற காத்து தான் பல்லடம் உடுமலைப்பேட்டை பக்கம் அத்தன காத்தாடியையும் சுத்த வெக்குது, அதுல ஸ்கூட்டில கண்ணாடி மூடாத ஹெல்மெட்டோட போனா கண்ணு என்ன ஆகும் சொல்லுங்க.

இருவது நிமிஷத்துக்கு ஒருக்கா, இருவது அடி தள்ளி இருக்கறத, இருவது செகண்ட் பாக்கச் சொல்லுங்க. அமெரிக்கால ஜெஃப் ஆன்ஷெல்னு ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட் சொல்லிப் பிரபலமானது. நம்பர் ஞாபகம் வெக்க சுலபமா இருக்கட்டும்னு போட்டது தான், 25 நிமிஷம் ஆயிருச்சுன்னு பயப்பட வேண்டியதில்ல, ஆனா அந்த இருவது செகண்டும் போனை எடுத்துப் பாக்கக் கூடாது, அதத்தான் எல்லாரும் பண்றாங்க. ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண்ணு மட்டத்துக்கோ கொஞ்சம் கீழயோ இருக்கட்டும், கீழ பாத்தா இமை பாதி மூடும், காயறது கொறையும். அப்பவும் எரிஞ்சா டாக்டர் கண்ணீர் சொட்டு எழுதுவாங்க, மெடிக்கல்ல போயி கண்ணு செவந்ததுக்கு ஏதாச்சும் குடுங்கன்னு கேட்டு வாங்க வேண்டாம்னு சொல்லுங்க. ஏன்னு கீழ வருது.

மெட்ராஸ் ஐ வந்து ஹாஸ்டல்ல பாதிப் பேரு படுத்துட்டாங்க. ரூம்மேட் போட்டு சரியான சொட்டு மருந்தையே நானும் போட்டேன், ஒரே நாள்ல செவப்பு கொறஞ்சுது. தொடர்ந்து போடலாமா?
மாணவர், திருச்செங்கோடு

பாட்டிலைத் திருப்பி சின்ன எழுத்தைப் படிங்க தம்பி. டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் இந்த மூணுல ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு, இன்னைக்கே கண் டாக்டரை பாத்து, எப்படி நிறுத்தறதுன்னு கேட்டு நிறுத்துங்க. ஸ்டீராய்டு செவப்பை வேகமா கொறைக்கும், அதனால தான் ஒரே நாள்ல மந்திரம் போட்டாப்புல இருக்கு. ஆனா மெட்ராஸ் ஐ முக்காவாசி அடினோ வைரஸ்ல வர்றது, ஸ்டீராய்டு அந்த வைரஸைக் கொல்லாது, கண்ணுல வைரஸ் இருக்கற நாளைத்தான் கூட்டும். வேற கிருமியா இருந்து கருவிழில புண்ணு இருந்தா அது வெறி புடிச்சு பரவும்.

அதோட நிக்காது. சில பேருக்கு ஸ்டீராய்டு சொட்டு சில வாரம் போட்டாலே கண் அழுத்தம் ஏறும், வலி இருக்காது, செவப்பு இருக்காது, நரம்பு செத்துட்டே போகும். தூசி அலர்ஜிக்கு மாசக்கணக்கா இதையே வாங்கி வாங்கிப் போட்டு, இருவது வயசுல க்ளாகோமாவோட வர்ற புள்ளைகள கண் ஆஸ்பத்திரில வேலை பாக்கற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. போன பார்வை வராது. அப்பறம் இன்னொருத்தர் கண்ணுல பட்ட பாட்டில் முனைய உங்க கண்ணுல வெச்சீங்க பாருங்க, அதுக்கு தனியா ரெண்டு குடுக்கணும். கண்ணைப் பாத்தா ஒட்டாது, கை, துண்டு, தலையணை, பக்கெட் மக் வழியாத்தான் ஒட்டும்.

பையன் வேளாண் பல்கலைக்கழகத்துல அக்ரி படிக்கறானுங்க. ஒவ்வொரு செமஸ்டருக்கும் கண்ணாடி மாத்தறோம். சிலிண்டர் பவர் 1ல ஆரம்பிச்சது 1.75 ஆச்சு, இப்ப 3ங்கறாங்க, புதுக் கண்ணாடி போட்டாலும் முழுசா தெரியலைங்கறான். கடைக்காரர் எல்லாம் போன் பாக்கறதால தான்னு சொல்றாரு. சின்ன வயசுல இருந்தே தூசி பட்டா கண்ணைக் கசக்கிட்டே இருப்பானுங்க.
ஒரு அப்பா, கோபி

இந்த மாசம் வந்ததுல நான் மொதல்ல போன் போட்டுப் பேசுனது உங்களுக்குத்தானுங்க, மத்தவங்களுக்கும் ஆகும்னு இங்கயும் எழுதறேன். பாவம், இந்த விஷயத்துல போன் மேல தப்பில்ல. சிலிண்டர்னா கருவிழி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வளையாததுக்கு குடுக்கற பவருங்க. அது இந்த வேகத்துல ஏறுது, கண்ணாடி போட்டும் முழுசா தெரியல, வயசு இருவது, கசக்கற பழக்கம் வேற, இத்தனையும் ஒண்ணா வந்தா கெரட்டோகோனஸ் இருக்கான்னு பாக்காம அடுத்த கண்ணாடி வாங்கவே கூடாதுங்க.

கருவிழி நடுவுல அரை மில்லிமீட்டரும் சொச்சமும் தான் தடிமன். சில பேருக்கு அது வயசுக்கு வர்ற காலத்துலயோ இருவது சொச்சம் வயசுலயோ வலு கொறஞ்சு, மெலிஞ்சு, கீழ்ப்பக்கமா கூம்பு மாதிரி தள்ளிட்டு வரும். அலர்ஜி இருக்கறவங்க, விரல் முட்டிய வெச்சு அழுத்திக் கசக்கறவங்களுக்கு கூடுதலா வருது. வெளிய இருந்து பாத்தா ஆரம்பத்துல ஒண்ணும் தெரியாது, வலியும் இல்ல. நான் டார்ச் அடிச்சுப் பாத்தாலும் எனக்கும் தெரியாது. கார்னியல் டோபோகிராபின்னு ஒரு ஸ்கேன் எடுக்கணும், கண்ணைத் தொடவே மாட்டாங்க, சில நிமிஷ வேலை. ரிப்போர்ட்ல கலர் கலரா ஒரு மேப் வரும், பச்சை நீலம் இருந்தா தட்டை, செவப்பு இருந்தா செங்குத்து. வளைவு சாதாரணமா 43, 44ன்னு இருக்கும், அது மேல மேல போயி செவப்பு கீழ்ப்பாதில கூடி நின்னா டாக்டர் உங்களை உக்கார வெச்சுப் பேசுவாங்க.

உறுதியானா சி3ஆர்னு ஒரு சிகிச்சை இருக்குங்க, கொலாஜன் கிராஸ் லிங்கிங். ஜெர்மனில கண்டுபுடிச்சது. வைட்டமின் பி2 இருக்குல்ல, ரிபோஃப்ளேவின், மஞ்சளா இருக்கும், அத கருவிழி மேல சொட்டு சொட்டா அரைமணி நேரம் விட்டு ஊற வெச்சு, அப்பறம் புறஊதா வெளிச்சத்தக் காட்டுவாங்க. கருவிழி நார் ஒண்ணோட ஒண்ணு பின்னி இறுகிக்கும். இதுல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கோங்க, இது கூம்பு மேல வளராம நிறுத்தத்தான், போன பார்வைய திருப்பிக் குடுக்க இல்ல. அதனால எவ்வளவு சீக்கிரம் கண்டுபுடிக்கறோமோ அவ்வளவு பார்வை மிச்சம். பார்வைக்கு அதுக்கப்பறம் ஹார்டு லென்ஸ், ஸ்கிளீரல் லென்ஸ்னு இருக்கு, ரொம்ப முத்துனா தான் கருவிழி மாத்து ஆபரேஷன் வரைக்கும் போகும். கோயமுத்தூர்ல அரவிந்த், சங்கரா மாதிரி பெரிய கண் ஆஸ்பத்திரில கார்னியா டாக்டருங்க தனியா இருக்காங்க, பையன் இருக்கறதே அந்த ஊர்ல தான். பழைய கண்ணாடி சீட்டு எல்லாத்தையும் தேதி வாரியா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க, அது ரொம்ப உபயோகப்படும். கண்ணு அரிச்சா கையை வெக்காம ஐஸ் தண்ணில நனைச்ச துணிய மூடுன இமை மேல வெக்கட்டும், அரிப்புக்கு டாக்டர் மருந்து குடுப்பாங்க. கூடப் பொறந்தவங்க இருந்தா அவங்களுக்கும் ஒருக்கா ஸ்கேன் எடுத்துருங்க.

கணபதில அப்பாவோட பட்டறை இருக்கு. லீவுக்கு வந்தா நானும் வெல்டிங்ல நிப்பேன். போன வாரம் ராத்திரி ரெண்டு மணிக்கு கண்ணுல மொளகாப்பொடி கொட்டுனாப்புல எரிஞ்சு கண்ணே தொறக்க முடியல. பக்கத்து ஊட்ல கொழந்த பெத்தவங்க கிட்ட தாய்ப்பால் வாங்கி விட்டாங்க, மெடிக்கல்ல மரத்துப்போற சொட்டு கேக்கலாம்னு அப்பா சொன்னாரு. காலைல கொஞ்சம் பரவால்ல. பகல்ல ஒண்ணும் ஆகாம ராத்திரி ஏன் வலிக்குது?
பாலிடெக்னிக் மாணவர், கோவை

வெல்டிங் ஆர்க்ல இருந்து வர்ற புறஊதா கருவிழி மேல் தோலை சுட்டுருது தம்பி. சுட்ட தோலு உடனே உரியாது, ஆறுல இருந்து பன்னெண்டு மணி நேரம் கழிச்சு உரியும், அப்ப தான் அடில இருக்கற நரம்பு வெளிய வரும், அதனால தான் சாமத்துல. ஒண்ணு ரெண்டு நாள்ல தானா புதுத்தோல் வந்துரும். தாய்ப்பால், உருளைக்கெழங்கு எல்லாம் பட்டறைப் பக்கம் காலங்காலமா பண்றது தான், குளுமையா இருக்கும், ஆனா தோல் உரிஞ்ச கண்ணுல கிருமி போக வழி பண்ணிக்குடுக்கறோம், வேண்டாம். மரத்துப்போற சொட்டு மட்டும் கனவுலயும் ஊட்ல வெக்காதீங்க. வலி போயிரும், போனதும் இன்னும் ரெண்டு சொட்டு விடுவீங்க, அது புதுத்தோல் வளரறதையே தடுக்கும், கருவிழில ஓட்டை விழுந்தவங்க இருக்காங்க.

நீங்க புடிக்கலைனாலும், பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்தாலும் அடிக்கும், செவுத்துல பட்டுத் திரும்புறதும் அடிக்கும். இன்னொண்ணு கேக்காமயே சொல்றேன். கிரைண்டிங்ல கண்ணுல பொடி விழுந்தா பட்டறைல ஒரு அண்ணன் இருப்பாரு, தீக்குச்சில பஞ்சை சுத்தி லாவகமா எடுப்பாரு. அவரு கையில திறமை இருக்கலாம், ஆனா இரும்புப்பொடி சில மணி நேரத்துலயே சுத்தி துரு வளையம் விட்டுரும், அத மைக்ரோஸ்கோப்புல வெச்சு தான் சொரண்டணும். சுத்தியல்ல அடிக்கறப்ப தெறிச்சு, லேசா குத்துனாப்புல இருந்து ஒடனே வலி நின்னுருச்சுன்னா அது இன்னும் ஆபத்து, துண்டு உள்ளயே போயிருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரி.

எம்.எஸ்சி. கடைசி வருசம். ரெண்டு கண்ணுலயும் மைனஸ் 7.5. வரன் பாக்கறாங்க, வர்ற மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க எல்லாம் பொண்ணு சோடாபுட்டி போட்டிருக்குதுன்னு தட்டிக் கழிக்கறாங்க. லேசர் பண்ணிட்டா கண்ணு சரியாயிருமா? பண்ணலாமா?
வாசகி, நாமக்கல்

மொதல்ல மாப்பிள்ளைங்களுக்கு கண் டெஸ்ட் எடுக்கச் சொல்லணும் அம்முணி, நல்ல பொண்ணு கண்ணுக்குத் தெரியலைனா அது அவங்க பார்வைக் கோளாறு. உங்களுக்கு வேணும்னு தோணுனா பண்ணுங்க, வர்ற முகூர்த்தத்துக்குள்ள முடிக்கணும்னு தேதி குறிச்சுட்டு பண்ணாதீங்க.

பண்ணலாமா வேண்டாமாங்கறத பவர் மட்டும் முடிவு பண்ணாது, கருவிழித் தடிமனும் சேந்து தான் முடிவு பண்ணும். ஒரு கணக்கு போட்டுக் காட்டறேன். தடிமன் 540 மைக்ரான்னு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) வெச்சுக்கோங்க, அது சராசரி. லேசிக்ங்கற லேசர் முறைல மேல ஒரு மூடி மாதிரி 110 மைக்ரான் வாக்குல தூக்குவாங்க. ஒரு பவருக்கு சுமார் 14, 15 மைக்ரான் செதுக்கணும், உங்க ஏழரைக்கு 110 பக்கம் போச்சு. மிச்சம் அடில நிக்கறது 320. முன்னூறுக்கு கீழ போனா டாக்டருங்க யோசிப்பாங்க. இதே கணக்கை 490 தடிமன் இருக்கறவங்களுக்கு போட்டுப் பாருங்க, ஒத்துவராது. அவங்களுக்கு செதுக்காம உள்ள லென்ஸ் வெக்கற முறை இருக்கு. மேல கோபிக்காரருக்கு சொன்னேனே கெரட்டோகோனஸ், அது லேசா இருந்தாலும் லேசிக் கூடாது, அதனால தான் டோபோகிராபி எடுக்காம எவனாச்சும் தேதி குடுத்தா எந்திரிச்சு வந்துருங்கன்னு சொல்றது. ஒரு வருசமா பவர் மாறாம நிக்கணும். கான்டாக்ட் லென்ஸ் போடறவங்களா இருந்தா ஸ்கேனுக்கு முன்னாடி எத்தனை நாள் போடக்கூடாதுன்னு கேட்டுக்கோங்க. பண்ணுன பொறகு சில மாசத்துக்கு கண்ணு வறட்சியா இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயம். லேசர் பண்ணா நம்பர் போகும், கண்ணு அப்படியே தான் இருக்கும். உங்க கண்ணு 26, 27 மில்லிமீட்டர் இருக்கும், அந்த நீளம் கருவிழிய செதுக்குனதால கொறையப் போறதில்ல. நீளமான கண்ணுல உள்ள விழித்திரை இழுபட்டு ஓரத்துல மெலிஞ்சு கெடக்கும், ஓட்டை விழலாம், பிரிஞ்சு வரலாம். மைனஸ் 6க்கு மேல எல்லாரும் வருசத்துக்கு ஒருக்கா கண்ணு பாப்பாவை விரிய வெச்சு விழித்திரை ஓரம் வரைக்கும் பாக்கணும், கண்ணாடிய கழட்டுனவங்களுக்கும் சேத்து. ஓட்டை மட்டும் இருக்கறப்ப கண்டுபுடிச்சா சுத்தி லேசர் வெச்சு அடைச்சுரலாம், உக்காந்த எடத்துல முடியற வேலை. பிரிஞ்ச பொறகு வந்தா பெரிய ஆபரேஷன். திடீர்னு கண்ணோரத்துல மின்னல் வெட்டறது, கருப்புப் பொட்டு கொத்தா மெதக்கறது, ஒரு பக்கமா திரை மூடிட்டு வர்றது, இதுல எது வந்தாலும் அன்னைக்கு கல்யாணமா இருந்தாலும் மொதல்ல ஆஸ்பத்திரி. லேசர் பண்ணி கண்ணாடிய மறந்தவங்க தான் இத கவனிக்காம விடறாங்க. மாப்பிள்ளை ஊட்ல பழைய பவரை மறைக்காம சொல்லிருங்க.

ராத்திரி லைட்டை அணைச்சுட்டு ஒருக்களிச்சுப் படுத்து போன் பாத்துட்டு எந்திரிச்சா ஒரு கண்ணு சுத்தமா தெரியல, அஞ்சு நிமிஷத்துல வந்துருச்சு. பயந்துட்டேன்.
மாணவர், பொள்ளாச்சி

ஒரு கண்ணை தலையணை மூடிருக்கும், அது இருட்டுக்கு பழகிருச்சு, போன் பாத்த கண்ணு வெளிச்சத்துக்கு பழகிருச்சு. எந்திரிச்சதும் இருட்டுல போன் பாத்த கண்ணு மட்டும் குருடா தோணும். 2016ல லண்டன்ல ரெண்டு பெண்களுக்கு இப்படி ஆகி மருத்துவ இதழ்லயே வந்துது, ஸ்கேனெல்லாம் எடுத்துட்டு கடைசில காரணம் இதுன்னு கண்டுபுடிச்சாங்க. பகல்ல ஒரு கண்ணு மங்குனாலோ, போன் பாக்காத நேரத்துல வந்தாலோ இந்தப் பதில் உங்களுக்கில்ல, டாக்டரை பாருங்க.

டெக்ஸ்டைல் மூணாவது வருசம். இன்டர்ன்ஷிப்புக்கு ஒரு டையிங் யூனிட் லேப்ல இருக்கேன். மாஸ்டர் ரெண்டு லேப் டிப்பை (சாயம் போட்ட சாம்பிள் துணி) காட்டி எது ஷேடு கார்டோட ஒத்துவருதுன்னாரு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சுது, அதுல ஒண்ணு பிரவுன், ஒண்ணு பச்சையாம். எல்லாரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு தூரம், கிட்ட எல்லாம் நல்லாத் தெரியுது, 6/6. ஊட்ல இன்னும் சொல்லல. ட்ரீட்மென்ட் இருக்கா, இல்ல கோர்ஸை விட்டுரணுமா?
மாணவர், திருப்பூர்

கோர்ஸை எதுக்கு விடணும் சாமி. 6/6ங்கறது எழுத்து எவ்வளவு சின்னதா தெரியுதுங்கறதுக்கு மட்டும் தான், கலரை அது கேக்கறதே இல்ல. ஜப்பான்ல இஷிஹாரான்னு ஒரு டாக்டர் 1917ல போட்ட புள்ளிப் புத்தகம் இன்னைக்கும் எங்க மேஜைல இருக்கு, அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுரும். செவப்பு பச்சை கொழப்பம் ஆம்பளைங்களுக்கு சாதாரணமா வர்றது தான், ஐரோப்பால பன்னெண்டு ஆம்பளைல ஒருத்தருக்கு இருக்கு, நம்ம பக்கம் அத விடக் கம்மி. எக்ஸ் குரோமோசோம்ல வர்றதால பையனுக்கு அம்மா வழியாத்தான் வரும், அம்மாவுக்கு கலர் சரியாத் தெரியும், ஆனா உங்க அப்புச்சிக்கோ மாமனுக்கோ இருந்திருக்கலாம். தோட்டத்துல செடில மொளகா பழுத்திருக்கறது தெரியாம பச்சையோட சேத்துப் பறிச்சுட்டு வந்து அம்முச்சிகிட்ட திட்டு வாங்குன அப்புச்சி உண்டான்னு கேட்டுப் பாருங்க. உங்க அம்மாவை யாரும் குத்தம் சொல்ல விடாதீங்க, அது யார் கையிலயும் இல்ல.

பொறப்புல வந்ததுக்கு ட்ரீட்மென்ட் இப்போதைக்கு இல்ல. கலர் கண்ணாடின்னு விக்கறாங்க, சில கலருக்கு நடுவுல வித்தியாசத்த தூக்கிக் காட்டும், உங்க கண்ணை மாஸ்டர் கண்ணாக்காது. முன்ன இல்லாம புதுசா வந்ததுன்னு தோணுனா மட்டும் டாக்டரை கண்டிப்பா பாருங்க, நரம்பு, மருந்து, விழித்திரைன்னு வேற காரணம் இருக்கும்.

வேலைக்கு வருவோம். ஷேடு மேட்சிங் மட்டும் உங்களுக்கு வேண்டாம், நேராவே சொல்றேன், ஒரு லாட்டு தப்பாப் போனா எத்தனை கிலோ துணி வீணாகும்னு உங்களுக்கே தெரியும். ஆனா சிரிச்சாங்களே அவங்க கண்ணை மட்டும் நம்பியும் துணி வாங்கற எந்த பையரும் அப்ரூவல் குடுக்கறதில்ல. லைட் பாக்ஸ்ல எதுக்கு டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை லைட்டு)ன்னு லைட்டை மாத்தி மாத்திப் போட்டுப் பாக்கறாங்க? பகல் வெளிச்சத்துல ஒத்துப்போற ஷேடு கடை லைட்டுல பிரிஞ்சு நிக்கும், நல்ல கண்ணும் அங்க ஏமாறும். அதுக்குத்தான் கலரை அளக்கற ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வந்து, ரெண்டு ஷேடுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு டெல்டா ஈங்கற நம்பர் குடுக்குது. அந்த மெஷினைக் கத்துக்கோங்க, ரெசிபி, தண்ணித்தரம், கெமிக்கல், சாயத்தண்ணி சுத்திகரிப்பு, நூல், நிட்டிங், காஸ்டிங்னு இருக்கு, கலரே தேவையில்லாத வேலை இந்த ஊர்ல எத்தனையோ. 2022ல புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு கலர் தெரியலைங்கறதுக்காக அங்க இருக்கற எந்தக் கோர்ஸ்லயும் சேக்க மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு சொல்லிருச்சு, சினிமாப் படிப்புக்கே அப்படின்னா நீங்க எதுக்கு பயப்படறீங்க. ரயில்வே, பைலட் மாதிரி சில வேலைக்கு மட்டும் கலர் டெஸ்ட் கடுமையா இருக்கும், அப்ளை பண்றதுக்கு முன்னாடி மருத்துவத் தகுதிய படிச்சுப் பாத்துக்கோங்க. மாஸ்டர் கிட்ட தனியா சொல்லிருங்க, டிப்புக்கு பின்னாடி நம்பர் எழுதி வெக்கச் சொல்லலாம்.

கான்டாக்ட் லென்ஸ் சொல்யூஷன் தீந்துருச்சு, ஹாஸ்டல்ல ஆர்.ஓ. தண்ணில ஒரு ராத்திரி போட்டு வெச்சா என்ன?
மாணவி, கோவை

சிறுவாணித் தண்ணியே ஆனாலும் கூடாது அம்முணி. தண்ணில அக்காந்தமீபான்னு ஒரு கிருமி இருக்கலாம், குடிச்சா ஒண்ணும் பண்ணாது, லென்ஸுக்கு அடில மாட்டுனா கருவிழிய அரிக்கும், வலி தாங்காது, மாசக்கணக்கா மருந்து விடணும். அன்னைக்கு போட்ட லென்ஸைக் குப்பைல போட்டுட்டு பழைய கண்ணாடிய மாட்டிக்கோங்க. குளிக்கறப்பவும் தூங்கறப்பவும் லென்ஸ் வேண்டாம், நேத்து சொல்யூஷன் மேலயே இன்னைக்கு ஊத்தாதீங்க, கேஸை மூணு மாசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. போட்ட கண்ணு செவந்து வலிச்சா லென்ஸைக் கழட்டி கேஸோட எடுத்துட்டு ஆஸ்பத்திரிக்கு போங்க, அதுலயே கிருமி டெஸ்ட் எடுப்பாங்க.